அது பாட்டுக்கு ஓடும்

முரளி,

அம்மா எழுதுகிறேன். நலமா என்று கேட்டு ஆரம்பிக்கப் போவதில்லை. நேற்று வீடியோவில் பார்த்தேன், கன்னத்தில் நன்றாகச் சதை போட்டிருக்கிறது. கல்யாணத்துக்கு எடுத்த சட்டை உடம்பில் ஏறுமா என்பதுதான் என் கவலை. வருகிற வெள்ளிக்கிழமை உனக்கும் பவானிக்கும் கல்யாணம். அது முடிந்த கையோடு உன் புது வேலைக்காக இரண்டு பேரும் புனேவுக்கு ரயில் ஏறுகிறீர்கள். கல்யாண வீட்டில் உன்னைத் தனியாக உட்கார வைத்துப் பேச எனக்கு வாய்க்காது. போனில் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே வேறெதையோ பார்த்துக்கொண்டிருப்பாய். அதனால்தான் எழுதுகிறேன். இதை உனக்கு மட்டும் அனுப்பவில்லை, நம் குப்பத்து வாட்ஸப் குழுவிலும் போடப் போகிறேன். நடந்தது ஊர் நடுவில் நடந்தது. அதைப் பற்றி நான் சொல்வதும் ஊருக்குக் கேட்கட்டும். மானத்தை வாங்குறியேம்மா என்று கத்தாதே. என் மானம் போனபோது நீ கத்தவில்லை.

குழுவில் வெளியூர்க்காரர்களும் இருக்கிறார்கள், பவானியின் காலேஜ் சிநேகிதிகளும் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நம் பழவேற்காட்டு ஏரியில் எல்லா இடமும் ஒன்று கிடையாது. முகத்துவாரத்தை ஒட்டின இடங்களில் இறால் ஓடும், மற்ற இடங்களில் தண்ணீர்தான் ஓடும். வலை கட்டுகிற அந்த நல்ல இடங்களுக்குப் பாடு என்று பேர். யார் எந்த நாளில் எந்தப் பாட்டில் வலை இறக்குவது என்று ஊர்க்கூட்டத்தில் முறை வைத்திருக்கிறோம். கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு, தலைக்கட்டுக்கு ஒரு முறை. பட்டியலில் பேர் இருந்தால் வலை இறங்கும். இல்லாவிட்டால் கரையில் உட்கார்ந்து அடுத்தவன் வலையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். பெண்ணுக்குப் பட்டியலில் பேர் கிடையாது, பட்டியல் எழுத மட்டும் பெண் வேண்டும். அந்த வழக்கை இன்னொரு நாள் வைத்துக்கொள்கிறேன்.

உன் நைனா கூட்டத்தில் முறை வாசிக்கிறவர். எழுதுகிறவள் நான். பிளஸ் டூ வரைக்கும் படித்துவிட்டு இந்தக் குப்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்ததற்கு எனக்குக் கிடைத்த உத்தியோகம் அது. கையால் எழுதிய காலத்தில் நான் பட்ட பாடு உனக்கு நினைவிருக்கும். ஒரு பேரை அடித்துத் திருத்தினால், "ஏன் அடிச்சே?" மேலே எழுதினால், "அவன் பேரை மட்டும் ஏன் மேல தூக்கிட்ட?" பேனா மை கொஞ்சம் பரவினாலே வாசலில் ரெண்டு பேர் வந்து நிற்பார்கள். இதைப் பார்த்துப் பார்த்துத்தான் நீ உன் ஆபீசில் கழித்துக் கட்டின லேப்டாப்பையும் ஒரு சின்ன பிரிண்டரையும் ஆட்டோவில் வைத்து எடுத்து வந்தாய். 'பாடு முறை' என்று ஒரு ஃபோல்டர் போட்டாய். அதற்குள் ஊரில் உள்ள தலைக்கட்டுகளின் பேர்கள் அடங்கிய ஒரு ஃபைல், பக்கத்திலேயே நீ எழுதிய ஸ்கிரிப்ட், மிஷின் செய்ய வேண்டியதை வரிவரியாகச் சொல்கிற இன்னொரு ஃபைல். அது பேர்களைப் படிக்கும், போன மாதம் விட்ட இடத்திலிருந்து முறையைத் தள்ளி வரிசை கட்டும், தானே பிரிண்டருக்கு அனுப்பிவிடும்.

"இத பாரும்மா, இதுமேல ரெண்டு தட்டு தட்டு. அவ்ளோதான். அது பாட்டுக்கு ஓடும். இனிமே எவனும் உன்னைக் கேள்வி கேக்க மாட்டான். மிஷின் சொல்லுதுன்னு சொல்லிட்டு கம்முனு உக்காந்துக்கோ."

எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? என் பிள்ளை எனக்காக யோசித்து ஒன்று செய்து கொடுத்திருக்கிறான் என்று தோணிரேவில் உன் சித்தி வீடு வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். மாதம் பிறந்தால் ரெண்டு தட்டு, ஒரு காகிதம், முடிந்தது வேலை. சண்டையும் நின்றது. ஒரே ஒரு சின்ன விஷயம் மட்டும் எனக்குப் புரியாமல் இருந்தது: அச்சான பட்டியல் எதுவும் அந்த ஃபோல்டருக்குள் சேரவில்லை. நீ சேரும் என்று சொல்லியிருந்தாய். காகிதம்தான் கைக்கு வந்துவிடுகிறதே, உள்ளே இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று விட்டுவிட்டேன்.

இப்போது ஏழுமலையைப் பற்றி. உன் மாமனாரைப் பற்றி ஊர் முன்னால் எழுதுகிறேனே என்று பதறாதே, அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். நீ கைக்குழந்தையாக இருந்தபோது உன் நைனாவும் ஏழுமலையும் ஒரே படகு, ஒரே வலை. இறால் நன்றாக ஓடுகிற பருவத்தில், ஒரு நாள் காலையில், காசிமேட்டில் பெரிய போட்டில் வேலை கிடைத்துவிட்டது என்று ஏழுமலை கிளம்பிப் போய்விட்டார். சொல்லிவிட்டுத்தான் போனார், ஆனால் போய்விட்டார். தனி ஆளாக அந்த வலையைக் கட்ட முடியாது. அந்தப் பருவம் முழுக்க உன் நைனா கூலிக்கு அடுத்தவர் படகில் போனார். அதை அவர் மறந்துவிட்டார். நான் மறக்கவில்லை. எனக்கு அப்படி ஒரு நெஞ்சு. அதனால் நீ வந்து, பொன்னேரி ரயில் ஸ்டேஷனில் பழகினோம், ஏழுமலை மகள் பவானியைத்தான் கட்டுவேன் என்று சொன்னபோது, தண்ணீர் லாரிக்கு முன்னால் குடத்தை வைத்துவிட்டு நான் சொன்னது ஊருக்கே கேட்டது. "அந்த வூட்டு வாசப்படியை நான் மிதிக்க மாட்டேன், அந்த வூட்டுப் பொண்ணு என் வாசப்படியை மிதிக்கவும் விட மாட்டேன்." சொன்னேன். இல்லை என்று சொல்லவில்லை.

அப்புறம் நீ ரெண்டு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தாய், உன் நைனா நடுவில் நின்று சமாளித்தார், நானும் இறங்கி வந்தேன். நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றினோம். மனசு முழுதாக இறங்கியதா என்று கேட்டால், முக்கால்வாசி இறங்கியது. மீதி அங்கேயே நின்றது. அந்தச் சமயத்தில்தான் ஏழுமலை காசிமேட்டை விட்டுவிட்டு ஊருக்கே திரும்பி வந்தார். முதுகு வளைந்துவிட்டது, பெரிய போட்டில் இனி வேலை இல்லை, ஏரிதான் கதி. கூட்டத்தில் எழுந்து நின்று, பழையபடி எனக்கும் ஒரு முறை கொடுங்கள் என்று கேட்டார். ஊர் இழுத்தடித்துத்தான் ஒத்துக்கொண்டது. வீட்டுக்கு வந்ததும் லேப்டாப்பைத் திறந்து, ஃபைலின் கடைசியில் அவர் பேரை என் கையால் அடித்தேன். ஏ-ழு-ம-லை. சேமித்தேன். நாலு மாதம் காத்திருந்து வாங்கின முறை அது, அந்த வீட்டில் அதை நம்பித்தான் அடுப்பு எரிய வேண்டும். அது எனக்குத் தெரியாதா?

மாதப் பிறப்புக் கூட்டத்துக்கு முன்னால் வழக்கம்போல ரெண்டு தட்டு தட்டினேன். காகிதம் வந்தது. மடித்து உன் நைனா சட்டைப் பையில் வைத்தேன். படித்துப் பார்க்கவில்லை. நானே அடித்த பேரை நானே எதற்குப் படிக்க வேண்டும்? அம்மன் கோயில் முன்னால் உட்கார்ந்து அவர் ஒவ்வொரு பேராக வாசித்தார். முடித்துவிட்டார். ஏழுமலை இன்னும் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அண்ணே, என் பேரு?" என்றார். உன் நைனா காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. "இதுல இல்லியேப்பா" என்றார். அவ்வளவுதான், பேச்சு எழுந்தது. யார் முதலில் சொன்னார்கள் என்று தெரியாது, தெரிந்தாலும் சொல்ல மாட்டேன், அவர்களும் இந்தக் குழுவில் இருக்கிறார்கள். "அதான் தண்ணி லாரி முன்னாடியே சொன்னாங்களே. கல்யாணத்தை நிறுத்த முடியல, பேரை வெட்டிட்டாங்க." நான் எழுந்து, "நான் அடிச்சேன்யா, என் கையால அடிச்சேன்" என்றேன். அடிச்சேன் என்ற வார்த்தை எவ்வளவு மோசம் பார். டைப் அடித்தேன் என்று நான் சொல்கிறேன், பேரை அடித்துவிட்டேன் என்று அவர்கள் கேட்கிறார்கள். ஏழுமலை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஒரு சண்டை போட்டிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அன்று சாயங்காலமே அந்த வீட்டிலிருந்து சேதி வந்தது. பந்தக்கால் நடுவதைக் கொஞ்சம் தள்ளிப் போடலாம், யோசிக்க வேண்டியிருக்கிறது என்று. நான் உனக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். ஃபோல்டரை அப்படியே எனக்கு அனுப்பு என்றாய், அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் நீயே கூப்பிட்டாய்.

"அம்மா, இங்க சரியாத்தான் வருது. ஏழுமலை மாமா பேரு கடைசில இருக்குது பாரு. ஸ்கிரிப்ட்ல ஒண்ணும் கோளாறு இல்ல."

"அப்போ இங்க ஏன்டா வரல?"

"அதான் எனக்கும் புரியல. ரெண்டு தட்டு தட்டினா எப்படிம்மா ஒரு பேரு மட்டும் போவும்?" அப்புறம் கேட்டாய், மெதுவாகத்தான் கேட்டாய்: "அம்மா, கோச்சுக்காத. நீ அவரு பேர்ல கை வச்சியா?"

நான் போனை வைத்துவிட்டேன். நெட்வொர்க் போய்விட்டது என்று நினைத்திருப்பாய். நெட்வொர்க் நன்றாகத்தான் இருந்தது.

ஊர் சொன்னதை நான் துடைத்துப் போட்டிருப்பேன் முரளி. ஊர் எப்போதும் பேசும், மறுநாள் வேறொன்றைப் பேசும். உன் கேள்விதான் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. நீ ஆறாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் பாட்டிலில் போட்டு வைத்திருந்த கடல்குதிரையைக் காணோம், உன் பிள்ளைதான் எடுத்தான் என்று ஆள் விட்டார்களே, ஞாபகம் இருக்கிறதா? கூடையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தேன், கையில் மீன் செதில் கூடப் போகவில்லை. வகுப்பில் எல்லாரும் உன்னைச் சுற்றி நிற்கிறார்கள். நான் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை, நேராக உன் பக்கத்தில் வந்து நின்றேன். நின்ற பிறகுதான், "இப்போ சொல்லுங்க, இன்னா ஆச்சு?" என்றேன். எடுத்தவன் நீதான், வழியில் உன் டிராயர் பையிலிருந்து அது தலையை நீட்டியது, உன் காதைத் திருகி மறுபடி கூட்டிப்போய்க் கொடுக்க வைத்தேன் என்பது வேறு கதை. ஆனால் கேட்பதற்கு முன்னால் பக்கத்தில் வந்து நின்றேனா இல்லையா?

ரெண்டு நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. உன் நைனாவும் ஒன்றும் கேட்கவில்லை, ஒன்றும் சொல்லவும் இல்லை. அவருக்கு என்மேல் சந்தேகம் இல்லை என்று நினைக்கிறேன். ஆனால் வாயைத் திறந்து சொன்னால் குறைந்தா போய்விடுவார்? மூன்றாம் நாள் பகல், வாசலில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தேன். பவானி வந்தாள். தனியாக. எந்த வாசப்படியை மிதிக்க விட மாட்டேன் என்று சொன்னேனோ அதே வாசப்படியைத் தாண்டி வந்து, எனக்கு எதிரே உட்கார்ந்து, ஒரு கை இறாலை எடுத்துத் தன் பக்கம் வைத்து உரிக்க ஆரம்பித்தாள். தலையைக் கிள்ளுவதும் ஓட்டை உருவுவதும் என்னைவிட வேகமாகச் செய்கிறாள், ராங்கிக்காரி. கூடை காலியானதும் கையைக் கழுவிக்கொண்டு சொன்னாள்:

"அத்தை, அன்னிக்கு நீங்க இன்னா பண்ணீங்களோ, அதையே எனக்கு ஒருவாட்டி பண்ணிக் காட்டுங்க."

"இன்னாடி, டெஸ்ட் வைக்கிறியா எனக்கு?"

"உங்களுக்கு இல்ல அத்தை. அதுக்கு."

இதைக் கவனி. நீ பண்ணினாயா என்று அவள் கேட்கவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நான் செய்கிறதைப் பார்க்க வேண்டும் என்றாள். லேப்டாப்பைத் திறந்தேன். ஃபோல்டரைத் திறந்தேன். ரெண்டு தட்டு. பிரிண்டர் முனகியது, காகிதம் வந்தது. ஏழுமலை பேர் இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது, முதல் தடவையாக என் கண்ணால் பார்க்கிறேன் அதை. அவள் பேர்கள் இருக்கிற ஃபைலைத் திறந்தாள். கடைசி வரியில் ஏழுமலை இருந்தார்.

"ஃபைல்ல எங்க நைனா பேரு இருக்குது. பேப்பர்ல இல்ல. அப்போ இது இந்த ஃபைலைப் படிக்கவே இல்ல அத்தை. வேற எங்கியோ நின்னுகினு வேற எதையோ படிக்குது." நெற்றியில் பிசுபிசுத்த முடியைப் புறங்கையால் ஒதுக்கிக்கொண்டாள். "எங்க நிக்குதுன்னு அதையே கேப்போம்."

காலேஜில் கம்ப்யூட்டர் படித்தவளாச்சே, ஸ்கிரிப்டைத் திறந்து மேலே மூன்றெழுத்தில் ஏதோ ஒன்று சேர்த்தாள், நீ எங்கே இருக்கிறாய் என்று கேட்கிற வார்த்தையாம். மறுபடி ரெண்டு தட்டு. ஒரு சின்ன ஜன்னல் திறந்தது, அதில் அது தான் நிற்கிற இடத்தைச் சொன்னது. 'பாடு முறை' ஃபோல்டர் இல்லை. அதற்கு வெளியே, லேப்டாப்பின் ஹோம் என்கிறார்களே, அங்கே. அந்த இடத்தைத் திறந்து பார்த்தால், நான் இறக்கின கோலப் படங்களுக்கும் உன் நிச்சயதார்த்த போட்டோக்களுக்கும் நடுவே, இதுவரைக்கும் அச்சான எல்லா மாதப் பட்டியலும் குவிந்து கிடக்கிறது. அவற்றோடு, அதே பேரில் இன்னொரு பேர் ஃபைல். பழையது. ஏழுமலை திரும்பி வருவதற்கு வெகு நாள் முன்னால், முதன்முதலில் நீ ஓட்டிப் பார்க்க அங்கே வைத்தது. அப்புறம் எல்லாவற்றையும் அழகாக ஃபோல்டருக்குள் நகல் எடுத்துப் போட்டாய், பழையதை அழிக்க மறந்தாய்.

பவானி எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். "அவரு டெர்மினல்னு கட்டளை அடிக்கிற ஜன்னலைத் தொறந்து, ஃபோல்டருக்குள்ள போயிட்டு அப்புறமா ஓட்டுறாரு அத்தை. அவரு நிக்கிற இடமும் ஸ்கிரிப்ட் இருக்கிற இடமும் ஒண்ணாயிடுது. அதான் அவருக்குச் சரியா வருது. நீங்க ரெண்டு தட்டு தட்டினா, அது ஹோம்லயே நின்னுக்குது. ஃபோல்டருக்குள்ள இருக்குறதைத் தட்டினாலும் அது அங்க போவாது. இவ்ளோ நாளு ரெண்டு ஃபைலும் ஒரே மாதிரி இருந்ததால யாருக்கும் தெரியல. நீங்க புதுசா ஒரு பேரு சேத்ததும் மாட்டிக்கிச்சு."

"அடப்பாவி!" என்றேன் நான். "ஏறின எடத்துலயே வலையை எறக்கிட்டானா இவன்?"

அவள் அப்படிச் சிரித்தாள் பார், பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். நம் ஊரில் புதிதாக முறை எடுக்கிறவன் செய்கிற தப்பு அதுதானே. விடியலில் படகை எங்கே அவிழ்த்தானோ அங்கேயே, அது எவன் பாடு என்று பார்க்காமல் வலையைப் போட்டுவிட்டு, எனக்கு மீன் படவில்லை என்று வந்து நிற்பான். எங்கிருந்து கிளம்பினாலும் முதலில் உன் பாட்டுக்குப் போ, போய்ச் சேர்ந்த பிறகு வலையைத் தொடு. இது இங்கே நடக்கப் பழகுகிற குழந்தைக்கும் தெரியும். நீ இந்த ஊர்ப் பிள்ளை. அது பாட்டுக்கு ஓடும் என்றாயே, அது பாட்டுக்குத்தான் ஓடியது. தன் பாட்டுக்குப் போகவில்லை.

அவள் ஒரே ஒரு வரி சேர்த்தாள். முதலில் போட்டபோது அது முரண்டு பிடித்தது. ஃபோல்டர் பேரில் 'பாடு'க்கும் 'முறை'க்கும் நடுவில் இடைவெளி இருக்கிறதல்லவா, அதை ரெண்டு பேராக நினைத்துக்கொண்டதாம். மேற்கோள் குறி போட்டதும் அடங்கியது. நான் அதைப் பார்த்து அப்படியே எழுதி வைத்துக்கொண்டேன், நீயும் பார்த்துக்கொள்:

cd "$(dirname "$0")"

நீ எங்கே வைக்கப்பட்டிருக்கிறாயோ, அந்த இடத்துக்கு முதலில் போ என்று அர்த்தமாம். இவ்வளவுதான் விட்டுப்போனது. அதற்கு மேலே, மிஷின் படிக்காத, மனிதர்கள் மட்டும் படிக்கிற வரியாக, தமிழில் ஒன்று எழுதினாள்: "யார் எங்கிருந்து தட்டினாலும், முதல்ல உன் பாட்டுக்குப் போ." மறுபடி ரெண்டு தட்டு. காகிதம் வந்தது. கடைசி வரியில் ஏழுமலை. அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே, "சாப்ட்டியா?" என்றேன். இல்லை என்றாள். அந்த இறாலையே தொக்கு வைத்து ரெண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். ரெண்டு நாள் பசியும் அன்றைக்குத் தீர்ந்தது. என் மனசில் இறங்காமல் நின்றிருந்த அந்தக் கால்வாசியும் அன்றைக்குத்தான் இறங்கியது.

கூட்டத்தைக் கூட்டச் சொன்னேன். உன்னைப் போனில் பேச வைத்து விளக்கச் சொல்லலாமா என்று பவானி கேட்டாள். வேண்டாம் என்றுவிட்டேன். கோயில் மைக்செட்டுக்குக் கரண்ட் எடுக்கிற இடத்தில் லேப்டாப்பையும் பிரிண்டரையும் சொருகினோம். அந்த வரியை எடுத்துவிட்டு எல்லார் கண்ணெதிரிலும் தட்டினேன், ஏழுமலை இல்லாத காகிதம் வந்தது. வரியைப் போட்டுத் தட்டினேன், இருக்கிற காகிதம் வந்தது. பின்னால் நின்றவர்கள் முன்னால் வந்து இன்னொருவாட்டி காட்டு என்றார்கள், காட்டினேன். நான் முதலில் சொன்ன பேச்சு அப்போதுதான் அவர்கள் காதில் ஏறியது. ஏழுமலை ரெண்டு காகிதத்தையும் ரெண்டு கையில் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"அண்ணி, மெய்யாலுமே நீதான் வெட்டிட்டன்னு நெனைச்சேன்" என்றார்.

"உன் எடத்துல நானா இருந்தா நானும் அப்படித்தான் நெனைச்சிருப்பேன், போ" என்றேன்.

அதோடு தீர்ந்தது எங்களுக்குள், தள்ளிப்போட்ட பந்தக்காலும் நட்டாயிற்று. அவர் பேர் கடைசியில் இருப்பதால் முறை வர மாதக் கடைசி ஆகும், அதுவரைக்கும் அடுப்பு காத்திருக்காது. உன் நைனா எழுந்து, நாளைக்கு என் முறை, ஏழுமலை என்னோடு வரட்டும் என்றார். மறுநாள் அவர்கள் ரெண்டு பேரும் ஒரே படகில் போனார்கள். இறால் சுமாராகத்தான் பட்டது.

அப்புறம் உன்னிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. "சாரிம்மா, சின்ன மிஸ்டேக், ஒரு லைன் விட்டுட்டேன்." கூடவே கும்பிடுகிற கை. உண்மைதான், ஸ்கிரிப்டில் விட்டது சின்ன மிஸ்டேக். ஒரு வரி. நான் அதைப் பற்றி மனத்தாங்கல் படவே இல்லை. நல்லது நினைத்துச் செய்தாய், தப்பாகிப்போனது, சரியாகிவிட்டது. எனக்கு வலித்தது வேறு. அந்த வலிக்கு நீ இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்கிரிப்டை உன் லேப்டாப்பில் உன் இடத்தில் வைத்து ஓட்டிப் பார்த்தாய், சரியாக வந்தது. அம்மாவையும் அப்படியே உன் இடத்திலிருந்தே பார்த்தாய். அங்கிருந்து பார்த்தால் கை வைத்தவள் மாதிரித்தான் தெரிந்திருப்பேன். இப்போது தங்கியிருக்கிற இடத்திலிருந்து மூன்று மணி நேரம் பஸ்ஸும் ரயிலும் பிடித்து வந்து, அந்தப் பெண் செய்தாளே அப்படி என் பக்கத்தில் உட்கார்ந்து, "தட்டும்மா, பாப்போம்" என்று நீ சொல்லியிருந்தால், இந்தக் கடிதத்துக்கே வேலை இல்லை.

ஊரைக் கூட்டி உன்னைக் குத்திக் காட்டுவதற்காக இதை எழுதவில்லை. புனேவில் ரெண்டு பேரும் தனியாகக் குடித்தனம் நடத்தப் போகிறீர்கள். அவள் ஒரு நாள் ஏதாவது சொல்வாள், உனக்குக் கோபம் வரும். நான் இங்கிருந்து ஏதாவது சொல்வேன், அவளுக்குக் கோபம் வரும். என் வாய் எனக்குத் தெரியும், நிச்சயம் சொல்வேன். அப்போது ஆபீசில் உட்கார்ந்துகொண்டு போனில் விசாரணை வைக்காதே. எழுந்து வீட்டுக்குப் போ. அவள் சமையல் கட்டில் நின்றால் நீயும் அங்கே போய் நில். வெங்காயம் உரிக்கிறாளா, நாலு வெங்காயத்தை நீயும் உரி. அதற்கப்புறம் கேள். "என்கிட்ட எல்லாம் சரியாத்தான் இருக்குது" என்கிற பேச்சை அந்த வீட்டுக்குள்ளேயே விடாதே, அதைக் கேட்கிறவளுக்கு அதற்கு மேல் பேச வழி இல்லாமல் போய்விடுகிறது. என்னால் பேச முடியவில்லை, பார்த்தாயா? இவ்வளவு வாய் இருந்தும்.

மற்றதெல்லாம் சில்லறை. ரயிலில் ஜன்னலோர சீட்டை அவளுக்குக் கொடு. கருவாட்டை நன்றாகச் சுற்றிக் கட்டித் தருகிறேன், பெட்டியில் துணிக்கு மேலே வைக்காதே. அந்த ஊரில் ஐஸில் கிடக்கிறதை மீன் என்று நம்பி வாங்காதே. மாதத்துக்கு ஒரு தடவையாவது நைனாவோடு பேசு, அவர் அந்தப் பக்கம் ம் கொட்டிக்கொண்டுதான் இருப்பார், ஆனாலும் பேசு.

இன்னும் ஒன்று இருக்கிறது. வெள்ளிக்கிழமை தாலி கட்டியதும் நீயும் ஒரு தலைக்கட்டு. அன்று சாயங்காலமே பேர் ஃபைலில் உன் பேரை அடிக்கப் போகிறேன், ஏழுமலைக்குக் கீழே. "அவன்தான் புனே போறானே, அவனுக்கு இன்னாத்துக்கு?" என்கிறார் உன் நைனா. ஊர் வழக்கம் உனக்கே தெரியும். வெளியூரில் பிழைக்கிறவனுக்காக அவன் அப்பன் வலை இறக்கலாம், தடையில்லை. ஆனால் வருஷத்தில் ஒரு தடவையாவது அவனே தன் முறைக்கு வந்து வலையில் கை வைக்க வேண்டும். வராவிட்டால் அடுத்த கூட்டத்தில் பேரை எடுத்துவிடச் சொல்வார்கள். ஏழுமலை பேரை அந்தக் காலத்தில் அப்படித்தான் எடுத்தார்கள். எடுக்கிற கை யாருடையது? ஃபைலைத் திறந்து, என் பிள்ளை பேருக்குப் பக்கத்தில் போய், ஒவ்வொரு எழுத்தாக அழிக்க வேண்டியவள் நான்தான்.

அப்படி ஒரு நாள் வந்தால், அன்றைக்கு நீ அங்கிருந்து போன் போட்டு, "அம்மா, என் பேர்ல கை வச்சியா?" என்று கேட்டால், நான் போனை வைக்க மாட்டேன். ஆமாம்டா, வைத்தேன் என்று சொல்வேன். என்னை அதைச் சொல்ல வைக்காதே, முரளி. நீ எங்கே வேண்டுமானாலும் இரு, யார் கூப்பிட்டாலும் போ. உன் முறை வருகிற நாளில் மட்டும் உன் பாட்டுக்கு வந்து சேர்.

அம்மா